கட்டோடு சேர்த்த எடை

இராஜபாளையம்,
ஏப்ரல் 21

அன்புள்ள கௌதமுக்கு, ராம்குமார் எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை போனது. நிறுத்திக்கொண்டேன். நீ நலமாக இல்லை, நானும் இல்லை. பிறகு எதற்கு அந்த வரி? போனை நீ எடுப்பதில்லை. உன் கிடங்கில் வேலை பார்த்து, ஈஸ்டருக்குத் தளவாய்புரம் வந்த இம்மானுவேல் வியாழக்கிழமை நைரோபி திரும்புகிறான். விசாரணை முடியும்வரை அவன் அங்கேயே இருக்க வேண்டுமாம், பத்து நாள்தான் விட்டிருக்கிறார்கள். அவன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கடிதத்தில் ஒரு வசதி உண்டு. நீ குறுக்கே பேச முடியாது.

முதலில் வீட்டுச் செய்தி. நேற்று உன் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். உன் கடனுக்காக வங்கிக்காரர்கள் வாசல் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அம்மா அதன் மேல் காலண்டரை மாட்டிவைத்திருக்கிறார். யாராவது கேட்டால் தேதி பார்க்க வசதியாக இருக்கிறது என்கிறார். சாப்பாடு, மாத்திரை எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. என் வீட்டுக்காரி முனீஸ்வரி ஒருநாள் விட்டு ஒருநாள் போய்ப் பார்க்கிறாள். அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "எம் மகன் எப்பத்தான் வாரான்?" நான் ஆடி மாதம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

ஊரில் பேச்சு உன்னைப் பற்றித்தான். உனக்குப் பிளேன் ராசி இல்லையாம். முதல் பிளேன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் தக்காளி ஏற்றிப் போய்ச் சேற்றில் சறுக்கிச் சக்கரம் ஒடிந்தபோது, ஒருவருக்கும் காயமில்லை என்று போனில் நீ சிரித்தாயே, அந்தச் சிரிப்புத்தான் திருஷ்டி என்கிறாள் உன் சித்தி. எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கையில்லை. ஆனால் அன்றைக்கே இது ஆரம்பித்துவிட்டது. காப்பீட்டுக்காரன் கட்டணத்தை ஏற்றினான். பழைய வாடிக்கையாளர்கள் கழன்றுகொண்டார்கள். ஒற்றைப் பிளேனை வைத்துக்கொண்டு, கேட்டவன் சரக்கையெல்லாம் கேட்ட நேரத்தில் ஏற்றுகிறேன் என்று ஒத்துக்கொண்டாய். நிதானமாகத் தொழில் செய்தவன் ஓட ஆரம்பித்தாய். மாசி மாதக் கடைசியில் அந்தப் பிளேனும் விழுந்து நாலு பேர் போய்விட்டார்கள். லைசென்ஸ் போயிற்று, நாற்பது பேருக்கு வேலை போயிற்று. தென்மலை ஏர் கார்கோ என்ற பலகையையே இறக்கிவிட்டார்கள் என்று இம்மானுவேல் சொன்னான்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பத்மநாபன் வீட்டுக்கு. உன் கோ-பைலட் அனந்தபத்மநாபன். பைலட் லைசென்ஸை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் வேலையில்லாமல் இருந்தவனை, நான்தான் உன்னிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். அவன் அப்பா சாரங்கபாணி சார் பால்கோவா கடையில் முப்பத்தெட்டு வருஷம் தராசில் நின்றவர். ஒவ்வொரு தீபாவளிக்கும் என் வாடிக்கையாளர்களுக்கு நாற்பது டப்பா கட்டிக் கொடுப்பார். அந்தப் பழக்கத்தில்தான் மகனுக்காக என்னிடம் வந்தார்.

விசாரணைக் குழுவின் முதல் அறிக்கையை அவர்கள் படித்துவிட்டார்கள். ஒரு இன்ஜின் நின்றுபோனாலும் காகிதத்தில் காட்டிய சுமைக்கு இன்னொரு இன்ஜினிலேயே பிளேன் மேலே ஏறியிருக்க வேண்டும், ஏறவில்லை, அப்போது ஓட்டியது கோ-பைலட், ஆகவே ஓட்டியதில் தவறு என்று போட்டிருக்கிறது. தமிழ்ப் பேப்பரில் அது இன்னும் சுருங்கி, 'ஸ்ரீவில்லிபுத்தூர் வாலிபரின் தவறால் நான்கு பேர் பலி' என்று வந்தது. அந்த நாலு பேரில் அவனும் ஒருவன் என்பது மூன்றாவது வரியில்தான் இருக்கிறது.

அவன் அம்மா பெருந்தேவி மாமி வெளியே வருவதில்லை. கோயிலுக்கும் போவதில்லை. நான் போனபோது கூடத்தில் உட்கார்ந்து என்னிடம் ஒரு உதவி கேட்டார். செத்துப்போன மற்ற மூன்று பேர் வீட்டு விலாசமும் வேண்டும், அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும், தனக்கு இங்கிலீஷ் வராது, நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். "எம் பிள்ளையை நம்பி ஏறினவா. அவன் தப்புக்கு நான்தானே கேக்கணும்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன் கௌதம். கேப்டன் மிகோலாவின் மனைவிக்கு ஒன்று, இன்ஜினியர் மனைவிக்கு ஒன்று, அந்தச் சுமை ஏற்றும் பையனுடைய அம்மாவுக்கு ஒன்று. மாமி தமிழில் சொல்லச் சொல்ல, நான் இங்கிலீஷில் எழுதினேன். என் மகனை மன்னியுங்கள் என்று மூன்று தடவை எழுதினேன். என் கை எழுதியது. கீழே மாமி தமிழில் கையெழுத்துப் போட்டார்.

மூன்றும் என் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன. அனுப்பவில்லை. எப்படி அனுப்புவேன்? அந்தப் பிளேனில் ஏறியது என் பேண்டேஜ் துணி. தொண்ணூற்றாறு பேல் பொதி. ஒவ்வொன்றுக்கும் ஐம்பத்திரண்டு கிலோ என்று என் எடைச் சீட்டு. அறிக்கை வந்த அன்றே, அதே சரக்கில் மிச்சமிருந்த பேலைத் தராசில் தூக்கி வைத்தேன். ஐம்பத்தொன்பது. உனக்குப் போன் செய்து சொன்னேன். நீ "விடுலே, இப்ப வாயைத் திறக்காதே" என்று வைத்தவன்தான், இன்றுவரை எடுக்கவில்லை.

வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அந்த மாமிக்கு முன்னால் மூடிக்கொண்டு உட்கார முடியவில்லை. ஒரு போன் பண்ணு. என்ன செய்யலாம் என்று நீயே சொல்லு.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பிடாமல் இருக்காதே.

இப்படிக்கு,
உன் ராம்குமார்


இராஜபாளையம்,
ஜூன் 9

அன்புள்ள கௌதம்,

ஏழு வாரம் ஆயிற்று. பதில் இல்லை. கடிதத்தை வாங்கி மேஜை இழுப்பறைக்குள் போட்டாய், பிரிக்கவில்லை என்று இம்மானுவேல் சொன்னான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது உனக்குத் தெரியும். இந்தத் தடவை கோபம்கூட வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

இங்கே வெயில் கொளுத்துகிறது. சத்திரப்பட்டியில் தண்ணீர் இல்லாமல் வெளுப்புப் பட்டறைகள் வாரத்துக்கு இரண்டு நாள்தான் ஓடுகின்றன. எனக்கும் வேலை பாதிதான். பேல் கட்டுகிற சீனிச்சாமி மட்டும் தினமும் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிறான். உன் அம்மா காலண்டரை இன்னும் எடுக்கவில்லை. சித்திரை முடிந்து ஆனியே வரப்போகிறது, தாளைக்கூடக் கிழிக்கவில்லை. நான் கிழிக்கப் போனேன், வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

போன செவ்வாய்க்கிழமை சாரங்கபாணி சார் பஸ் ஏறி என் கிடங்குக்கு வந்தார். முன்னால் சொல்லாமல் அவர் எங்கேயும் போகிற ஆளில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. காப்பீட்டுக்காரர்கள் அனுப்பிய காகிதக் கட்டு. எல்லாம் இங்கிலீஷ், ஒன்றும் புரியவில்லை, ஆனால் நடுவில் ஒரு தாளில் தமிழில் உங்கள் கம்பெனிப் பெயர் இருந்தது, அதனால் உங்களிடமே கேட்கலாம் என்று வந்தேன் என்றார். என் பேல் சீட்டின் நகல்.

காப்பி வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. சீட்டை மேஜையில் விரித்து, ஐம்பத்திரண்டு என்ற எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "இது சரக்கு எடையா, கட்டோட எடையா?"

கௌதம், மூன்று மாதமாக எத்தனை பெரிய மனிதர்கள் அந்தச் சீட்டைப் பார்த்திருப்பார்கள். விசாரணைக் குழு, காப்பீட்டு நிபுணர்கள், வக்கீல்கள். ஒருவரும் இதைக் கேட்கவில்லை. பால்கோவா கடையில் தராசுக்குப் பின்னால் நின்றவர் கேட்டார். காலி டப்பாவைத் தராசில் வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் அவர் பால்கோவாவைப் போடுவார். டப்பா மேல் எழுதுவது பால்கோவாவின் எடை. பார்சல் ஆபீஸ்காரன் கேட்டால் மட்டும் டப்பாவோடு எடை போட்டுச் சொல்வார். ஒரே டப்பாவுக்கு இரண்டு எடை உண்டு என்பது அவருக்குத் தெரியும்.

சரக்கு எடைதான் என்றேன். எங்கள் வியாபாரத்தில் வாங்குகிறவன் துணிக்குத்தான் காசு கொடுக்கிறான், அதனால் சாக்கு, பாலிதீன் தாள், இரும்புப் பட்டை எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் சீட்டு எழுதுவோம், எங்கள் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான் என்றேன். வெளுத்த துணி வழியில் ஈரம் குடிக்கும், அதையும் எழுதுவதில்லை என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். பிறகு, "பிளேன்காராளுக்கு அதைச் சொன்னேளா?" என்றார்.

இல்லை என்றேன். ஒரு பேலை எடை போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். சீனிச்சாமியும் நானும் தூக்கி வைத்தோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். ஐம்பத்தொன்பது. பையிலிருந்து பேனாவை எடுத்து, உள்ளங்கையில் ஏழு என்று எழுதி, பக்கத்தில் தொண்ணூற்றாறு என்று எழுதிப் பெருக்கினார். அறுநூற்று எழுபத்திரண்டு.

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். சட்டையைப் பிடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "இது ஊர் வழக்கம், நீங்க மட்டுமா பண்றேள்" என்றார். பிறகு சீனிச்சாமியிடம் தண்ணீர் கேட்டுக் கையைக் கழுவினார். பேனா மை போகவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மொம்பாசாவில் நீ என் பேல் இரண்டைத் தராசில் வைத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? எடை கூட இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே போன் பண்ணினாய். நான் கத்தினேன். சாக்கு கழித்து எழுதுவது எங்கள் பழக்கம், என் சீட்டை நம்பாதவன் எனக்குச் சேக்காளியே இல்லை என்று மூன்று மாதம் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் தங்கை கல்யாணத்துக்கு வந்து, "இனி உஞ் சீட்டைத் தராசுல வைக்க மாட்டேம்லே" என்று நீ சொன்ன பிறகுதான் உனக்கு இலை போடச் சொன்னேன். பந்தியில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு எம்புட்டுப் பெருமை அன்றைக்கு.

நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாய். இம்மானுவேல் ஈஸ்டர் அன்று என் முன்னால் உட்கார்ந்து அழுதான். மண் ஓடுதளத்தில், காலரா ஆஸ்பத்திரிக்கு அவசரம் என்று நீங்கள் சரக்கை ஏற்றிக்கொண்டிருந்தபோது, கிடங்கில் தராசு இருந்திருக்கிறது. "எடை போட்டுருவமா அண்ணே"ன்னு கேட்டேன், "வேண்டாம்லே, அது நம்ம ராம்குமார் சீட்டு"ன்னு அண்ணன் சொன்னாக என்றான். இத்தனை வருஷமும் என் பேல்கள் கப்பலிலும் லாரியிலும்தான் போயின. லாரிக்கு ஏழு கிலோ ஒரு பொருட்டா? பிளேனில் ஏறியது அதுதான் முதல் தடவை. நான் சொல்லவில்லை. நீ கேட்கவில்லை. தெரிந்த இரண்டு பேரும் மறந்துபோனோம்.

மறந்தது வரை நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விசாரணைக் குழுவுக்கு, 'எடை போட்டுப் பார்த்துத்தான் ஏற்றினோம்' என்று நீ எழுதிக் கொடுத்திருக்கிறாய். இம்மானுவேலையும் கையெழுத்துப் போட வைத்திருக்கிறாய். எதற்காகச் செய்தாய் என்பது எனக்குத் தெரியும். காகிதம் சரியாக இருந்தால்தான் நாலு குடும்பத்துக்கும் காப்பீடு கிடைக்கும். உன்னைக் கெட்டவன் என்று நினைக்கவில்லை. ஆனால் அந்தக் காகிதம் சரியாக இருக்க வேண்டுமென்றால், செத்துப்போன பிள்ளை தப்பானவனாக இருக்க வேண்டியிருக்கிறது.

சாரங்கபாணி சார் கிளம்பும்போது, மனைவியிடம் தான் சொல்லப் போவதில்லை என்றார். "நான் சொன்னா, பிள்ளைக்காகப் பரிஞ்சு பேசறேன்னு நினைச்சுப்பா. நீங்களே வந்து சொல்லுங்கோ" என்றார். பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடப் போனேன். பஸ்ஸில் ஏறிய பிறகு ஜன்னல் வழியாக, காப்பிக் காசு கொடுக்க மறந்துவிட்டேன் என்றார்.

பதில் எழுது. ஒரு வரி போதும். திட்டியாவது எழுது.

இப்படிக்கு,
ராம்குமார்


இராஜபாளையம்,
ஜூலை 21

கௌதம்,

இரண்டாவது கடிதத்தையும் நீ பிரிக்கவில்லையாம். அதனால் இதை இம்மானுவேல் பெயருக்கே கூரியரில் அனுப்புகிறேன். உள்ளே உனக்கான உறையை ஒட்டவில்லை. நீ வாங்க மறுத்தால் உன் எதிரில் நின்று சத்தமாக வாசித்துவிடு என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். காதைப் பொத்திக்கொள்வாயோ என்னவோ.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்துக்குக் கொடி ஏறிவிட்டது. ஊரெல்லாம் பந்தல். தேர் வடத்தை வெளியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். பத்மநாபன் எங்கே இருந்தாலும் இந்தத் தேருக்கு லீவு கேட்பான், போன வருஷம்கூட நீ மூன்று நாள் கொடுத்தாய். நான் நேற்றுப் போனபோது அந்த ஒரு வீட்டு வாசலில் மட்டும் கோலம் இல்லை.

போவதற்கு முன்னால் மதுரையில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். சீட்டு எழுதிய நான் மட்டும் சொல்வது போதாது என்றார். பிளேன் கம்பெனி எடை போட்டதாக எழுதிக் கொடுத்திருக்கும்வரை, வருத்தப்படுகிற ஒரு வியாபாரியின் பேச்சு என்று தூரப் போட்டுவிடுவார்களாம். ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி கடைசி விசாரணையில் நீயே அந்தக் காகிதம் பொய் என்று ஒப்புக்கொண்டால்தான் அறிக்கை மாறும். இல்லாவிட்டால் பத்மநாபன் பெயர் அப்படியே நின்றுவிடும், பிறகு யாரும் மாற்ற முடியாது. ஒப்புக்கொண்டால் காப்பீடு நின்றுவிடும். உனக்கு நிச்சயம் ஜெயில், எனக்கு அநேகமாக வழக்கு. வேறு வழி ஏதாவது உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். இரண்டு தடவை கேட்டேன்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் மாமியிடம் போனேன். சாரங்கபாணி சார் என்னைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்திலேயே சுவரோரமாக நின்றுகொண்டார். நான் முதலில் இருந்து சொன்னேன். மொம்பாசா, கல்யாணப் பந்தி, மண் ஓடுதளம், தராசு. மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார். அறுநூற்றெழுபது கிலோ என்றால் எவ்வளவு என்று. அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், பேப்பரில் இல்லாத பத்து ஆள் அந்தப் பிளேனில் ஏறி உட்கார்ந்த மாதிரி என்றேன். "பத்து பேரைத் தூக்கிண்டா ஏறப் பாத்தான்?" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார். நாலு மாதத்தில் அன்றைக்குத்தான் மகனுக்காக அழுகிறாள் என்று சாரங்கபாணி சார் சொன்னார். அதுவரை மற்ற மூன்று பேருக்காகத்தான் அழுதிருக்கிறார்.

உன் தரப்பையும் நான் சொன்னேன். உண்மையைச் சொன்னால் அந்த மூன்று குடும்பத்துக்கும் வர வேண்டியது வராமல் போகும், அதனால்தான் நீ பேசாமல் இருக்கிறாய் என்றேன். உனக்காக வாதாடத்தான் சொன்னேன். எது சரி என்று எனக்குத் தெரியவில்லையே என்றார் மாமி. தெரியவில்லை, தெரியவில்லை என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். யாருக்குத்தான் தெரியும்? எந்தப் பக்கம் போனாலும் ஒரு வீட்டுச் சோற்றில் மண் விழுகிறது. என் பேல் அமுக்கும் பிரஸ்ஸை, கிடங்கை எல்லாம் விற்றாலும் ஒரு குடும்பத்துக்குக்கூடக் காணாது. விற்கத்தான் போகிறேன். முனீஸ்வரிக்கும் சொல்லிவிட்டேன்.

எழுந்திருக்கும்போது மாமி அந்த மூன்று கடிதங்களையும் கேட்டார். சட்டைப் பையில்தான் இருந்தன. கொடுத்தேன். கிழிப்பார் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. மடித்துப் பெருமாள் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, "அந்த லெட்டர் இனிமே நீங்க எழுதணும். உங்க பேர்ல, உங்க சிநேகிதர் பேர்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் மறந்துவைத்த பொருளை எடுத்துக் கொடுப்பதுபோலச் சொன்னார். கோபப்பட்டிருந்தால் நான் வீடு வந்து சேர்ந்து தூங்கியிருப்பேன்.

அதனால் எழுதிவிட்டேன். இந்த உறையில் மூன்று கடிதங்கள் இருக்கின்றன. கேப்டன் மனைவிக்கு, இன்ஜினியர் மனைவிக்கு, அந்தப் பையனுடைய அம்மாவுக்கு. மாமி சொல்லி நான் எழுதிய அதே வரிகள்தான். புதிதாக எழுத எனக்கு வார்த்தை வரவில்லை. 'என் மகனை' என்று இருந்த இடத்தில் 'எங்களை' என்று மாற்றியிருக்கிறேன். எடை எவ்வளவு, ஏன் தெரியவில்லை, யார் சொல்லவில்லை, யார் கேட்கவில்லை என்று நாலு வரி சேர்த்திருக்கிறேன். உங்களுக்கு வரும் பணம் இதனால் நிற்கக்கூடும் என்பதையும் எழுதியிருக்கிறேன். மூன்றிலும் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதற்குக் கீழே ஒரு கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

நீ போடுவாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. பொய் சொல்ல மாட்டேன். இரண்டு கடிதத்தைப் பிரிக்காதவன் இதில் கையெழுத்துப் போடுவானா? பன்னிரண்டாம் தேதி வந்து போய்விடும், பத்மநாபன்தான் தவறு செய்தான் என்று அச்சடித்து மூடிவிடுவார்கள், நான் வருஷம் தோறும் தீபாவளிக்குப் பால்கோவா வாங்காமல் இருக்கப் பழகிக்கொள்வேன். அப்படித்தான் முடியும் என்று தோன்றுகிறது. ஆனாலும் இடம் விட்டிருக்கிறேன். உன்னிடம் நான் வேறு எதையும் கேட்கவில்லை.

உன் அம்மா காலண்டரில் ஆடி மாதத் தாளைத் தேடி எடுத்து முன்னால் வைத்திருக்கிறார். ஆடியில் வருவாய் என்று நான் ஏப்ரலில் சொன்னதை மறக்கவில்லை. அவருக்கு இனி என்ன சொல்வது என்பதையும் நீதான் எனக்குச் சொல்ல வேண்டும்.

ஒரு வார்த்தை. என் தங்கை கல்யாணத்தில் நீ கொடுத்த வாக்கிலிருந்து உன்னை விடுவிக்கிறேன். என் சீட்டை எடுத்துத் தராசில் வை. கட்டோடு வை. எத்தனை காட்டுகிறதோ அதை விசாரணைக் குழுவிடம் சொல்லிவிடு. எனக்கு அவமானம் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். ஆண்டாள் உனக்குத் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
ராம்குமார்